வெறும் வயிறு

மேலப்பாளையம்
12.8.2024

அன்புள்ள அலிமா லாத்தாவுக்கு முஃபீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் தம்பி யஹ்யாவும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் கடுதாசி எழுதுகிறாளே என்று சிரிப்பாய். போனில் பேசினால் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடுட்டி, நானும் ரெண்டு வார்த்தை பேசுதேன்" என்பார்கள். வாட்சப்பில் எழுதினால், கடையநல்லூரில் இருந்து வருகிற மாமி மகள் முதலில் எடுப்பது என் போனைத்தான். மாமிக்கு அரபு எழுத்து ஓத வரும், தமிழ் வாசிக்க வராது. அதனால் காகிதம்தான் எனக்குக் காவல். இந்த வீட்டில் சுவருக்கெல்லாம் காது இருக்கிறது லாத்தா. என் பிள்ளைக்குத்தான் இல்லை.

ஆமாம். அர்வாவுக்குக் காது கேட்கவில்லை. போன வாரம் பரிசோதனை செய்து இரண்டு காதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி எங்கள் மாடிக்கு நேர் எதிரே இருக்கிறது. சுபுஹு பாங்குக்குத் தெருவே எழுந்தாலும் இவள் அசையாமல் தூங்குவாள். "எம்புட்டு அமரிக்கையான பிள்ளை" என்று மாமி மெச்சுவார்கள். நானும் பூரித்துப்போவேன். மடச்சி.

பிறந்த அன்று அவள் வலது காதில் பாங்கு சொன்னார்களே, அதுகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லையா லாத்தா? அதை நினைத்துத்தான் ரொம்ப அழுதேன்.

பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைக்கலாமாம். பேச்சும் வருமாம். அர்வா வாப்பா தம்மாமில் இருந்து, "சீக்கிரம் செய்யுங்க, நான் லீவு கேக்குதேன்" என்கிறார். நான்தான் உம்மா சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன என்று உனக்குத் தெரியும்.

எனக்காக துஆ செய். யஹ்யாவிடம் ஸலாம் சொல்.

முஃபீதா


விக்கிரமசிங்கபுரம்
20.8.2024

அன்புத் தங்கைக்கு அலிமா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே மூவரும் சுகம். மச்சானுக்கு முட்டுவலி, அது எப்போதும் உள்ள கூத்து.

உன் கடுதாசியைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். அழாதே. கேட்காத பிள்ளைக்குக் கேட்க வைக்க ஒரு வழி இருக்கிறது என்றால் அது அல்லாஹ் திறந்துவிட்ட கதவு. யோசிக்காமல் உள்ளே போ.

யஹ்யா நன்றாக இருக்கிறான். காலையில் பாபநாசம் படித்துறைக்கு நடந்து போய் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வருகிறான். பஸ் போர்டைப் பார்த்தால் நின்று எழுத்துக்கூட்டி, "அம்...பை" என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இந்தக் கடுதாசியையும் அவன்தான் தபால் பெட்டியில் போடுவான். உள்ளே விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வருவான்.

பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு கொடு. முருங்கைக்கீரையை மறக்காதே. மாமியிடம் என் ஸலாம்.

அலிமா


மேலப்பாளையம்
3.10.2024

பிரியமுள்ள லாத்தாவுக்கு, ஸலாம். நீங்கள் மூவரும் நலமாயிருக்க எந்நேரமும் துஆ. நான் நலமில்லை. நோயில்லை, பயம்தான். சோறு இறங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். பிள்ளை அசையக்கூடாதாம், அதற்காக மயக்க மருந்து. என் மடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை, ஊசி போட்டதும் கண் பாதி திறந்தபடி தொங்கிப்போனாள். பிறகு விழித்தாள், ஆனால் சாயங்காலம்வரை என்னை யாரோபோலப் பார்த்தாள். மறுநாள் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. மூன்று வயதுக்குள் நீண்ட நேரம், அல்லது திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்தால் வளருகிற மூளையைப் பாதிக்கலாம் என்று வெளிநாட்டில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்களாம். அர்வாவுக்கு ஒன்று ஆகிவிட்டது, இது இரண்டாவது. இதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம்.

மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். நல்ல மனுஷி, உட்காரவைத்துப் பேசினார். "எலிக்குட்டி, குரங்குக்குட்டி மூளையில பாதிப்பு பார்த்திருக்காங்க. மனுஷப் பிள்ளைங்ககிட்ட ஒரு தடவை, கொஞ்ச நேரம் குடுத்ததுல பெருசா வித்தியாசம் தெரியல. நிறைய நேரம்னா, உறுதியா எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்றார். தெரியும் என்று பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்படியானால் மூன்று வயது ஆகட்டும் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். மூளை சத்தத்தைப் படிக்கிற வயதும் இதுதானாம். நாள் போகப் போகக் கருவி வைத்தாலும் பேச்சு வருவது குறைந்துகொண்டே போகுமாம். இந்தப் பக்கமும் மூன்று வயது, அந்தப் பக்கமும் மூன்று வயது. அவளுக்கு மூன்று முடிவது வருகிற மே மாதம்.

இப்போது கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். யஹ்யாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்தபோது அவன் பதினோரு மாதக் குழந்தை, எனக்கு இரண்டு வயது, எனக்கு ஒன்றும் நினைவில்லை. நீதான் பெரியவள். "மயக்க மருந்து கூடிப்போயி எம்புள்ளை புத்தி போச்சு" என்று உம்மா மௌத்தாகிறவரை சொன்னாளே, அது உண்மைதானே? என் பிள்ளை யஹ்யா மாதிரி ஆகிவிடுவாளோ? யஹ்யா மாதிரி ஆவதைவிடக் காது கேட்காமலே இருந்துவிடட்டுமே.

நவம்பர் இருபதாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். உடனே பதில் போடு.

பயத்தோடு,
முஃபீதா


விக்கிரமசிங்கபுரம்
24.10.2024

அன்பு முஃபீதாவுக்கு, ஸலாமும் துஆவும். இங்கே நல்ல மழை. அணைக்குத் தண்ணீர் நிறைய வருகிறது, படித்துறை முங்கிவிட்டது, யஹ்யா மீனுக்குப் பொரி போட முடியவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். மச்சானுக்கு ஆலையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள்.

கண்டதையும் போனில் படிக்காதே. போனை நம்பினால் தலைவலிக்கும் மையித்துக்குச் சுற்றுகிற கபன் துணி எடுக்கச் சொல்லும். டாக்டரம்மா தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அவரை நம்பு. எல்லாம் தெரியும் என்கிறவனைத்தான் நம்பக்கூடாது.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் சொல்கிறபடி வெறும் வயிற்றோடு வை. அதில் மட்டும் கவனமாக இரு. பசித்து அழுவாள். அழட்டும். கல் மனதாக இரு. வேறென்ன எழுத? கருப்பட்டி கொஞ்சம் அனுப்புகிறேன்.

அலிமா


மேலப்பாளையம்
25.11.2024

அன்பு லாத்தாவுக்கு, ஸலாம். கருப்பட்டி கிடைத்தது. மச்சான் முட்டுவலி எப்படி?

நான் கேட்ட ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தாய். மழை பெய்ததுவரை. இருக்கட்டும்.

ஆபரேஷன் நடக்கவில்லை. முதல் நாளே போய்ப் படுத்துவிட்டோம். விடியற்காலையில் நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மாமி பிள்ளை வாயில் மக்காவில் இருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரை ஊற்றிப் பேரீச்சம்பழத்தையும் பிசைந்து ஊட்டிவிட்டார்கள். நர்ஸ் வந்து கேட்டபோது பெருமையாக, "பிஸ்மி சொல்லி ரெண்டு வாய்தான் குடுத்தேன்" என்றார்கள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது சாப்பாடு இல்லம்மா, பரக்கத்து" என்றார்கள் மாமி.

"வயித்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றாள் அவள்.

அன்றைக்கு ரத்து. ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். தம்மாமில் இருந்து அர்வா வாப்பா கத்திய கத்தலுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை.

உன்னிடம் மறைக்க என்ன? பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

யஹ்யாவுக்கு ஸலாம்.

முஃபீதா


விக்கிரமசிங்கபுரம்
5.12.2024

முஃபீதாவுக்கு, ஸலாம். சுகம், சுகமறிய ஆவல்.

மாமி கொடுத்ததை நர்ஸிடம் உடனே சொல்லிவிட்டார்களா? மயக்க மருந்து வைப்பதற்கு முன்னால்தானே? நிச்சயமாக முன்னால்தானே? அதை விவரமாக எழுது. இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாமி பையைச் சோதித்துப் பார். வெட்கப்படாதே. ஒரு வாய்கூட உள்ளே போகக்கூடாது. ஒரு வாய் என்றால் ஒரு வாய்தான். புரிகிறதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று யஹ்யா உன் அக்டோபர் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். அவன் பஸ் போர்டு மட்டும்தான் வாசிப்பான் என்று நாமாக நினைத்துக்கொண்டோம். "லாத்தா, யஹ்யா மாதிரின்னா என்ன?" என்று கேட்டான். "உன்ன மாதிரி நல்ல பிள்ளைன்னு அர்த்தம்" என்றேன். "அப்ப எதுக்குப் பயப்படுதா?" என்றான்.

உன்னை ஏசவில்லை. கடுதாசிகளை இனி மேலே வைக்கிறேன்.

அலிமா


மேலப்பாளையம்
27.1.2025

அன்பு லாத்தாவுக்கு, ஸலாம். எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யஹ்யா விஷயம் படித்து ஒரு நாள் முழுக்கத் தலை நிமிரவில்லை. அவனிடம் என்ன சொல்ல? நீயே ஏதாவது சொல்.

மாமி இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. மகளுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருப்பதால் பொங்கலுக்கு முன்னாலேயே கடையநல்லூர் போய்விட்டார்கள். அடுத்த வாரம்தான் வருவார்கள். நானும் அர்வாவும் மட்டும். மாடியில் நின்று புறாவைப் பார்க்கிறோம். அவள் எனக்குக் கையாலேயே புறா பறந்ததைச் சொல்கிறாள். எவ்வளவு புத்தி தெரியுமா? நான் முகத்தைச் சுளித்தால் ஏன் என்று கன்னத்தைத் தொட்டுக் கேட்கிறாள். இந்தப் புத்தியைத்தான் பணயம் வைக்கச் சொல்கிறார்கள்.

இருபத்திரண்டாம் தேதி போனோம். இந்தத் தடவையும் நடக்கவில்லை. பிள்ளை வாயில் பேரீச்சம்பழத் தோல் ஒட்டியிருந்தது. நான்தான் பார்த்து நர்ஸிடம் சொன்னேன். மாமியின் வேலையாகத்தான் இருக்கும், அவர்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது. நர்ஸ் சிடுசிடுத்தாள். "மூணாவது தடவையும் இப்படின்னா வரிசையிலேர்ந்து பேரை எடுத்துருவாங்க, பார்த்துக்கோங்க" என்றாள். பிப்ரவரி இருபதுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

முஃபீதா


விக்கிரமசிங்கபுரம்
1.2.2025

முஃபீதா, ஸலாம்.

மாமி கடையநல்லூரில் உட்கார்ந்துகொண்டு பாளையங்கோட்டைவரை கையை நீட்டிப் பிள்ளை வாயில் பழம் வைத்தார்களா? ஒரே கடுதாசியில் மேலே ஒன்று, கீழே ஒன்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

நான் உன்னை அடிக்கப் போவதில்லை. நீ என்ன செய்தாய், எங்கே வைத்துச் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. ஒன்றே ஒன்று. இரண்டு தடவையும் நர்ஸ் காதுக்குப் போய்விட்டது. மூன்றாவது தடவை பேரை வெட்டிவிடுவார்களே என்று நீ வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று டாக்டரம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லு. ஆனால் கொடுத்துவிட்டு மறைக்காதே. உன் காலில் விழுகிறேன்.

பதில் போடு. ஒரு வரியாவது போடு.

அலிமா


விக்கிரமசிங்கபுரம்
19.2.2025

முஃபீதா,

பதிலே இல்லை. போன் செய்தேன், மாமி எடுத்து, "நாளைக்குத்தானே ஆபரேஷன், இந்தா முஃபீதாகிட்ட பேசு" என்று ஸ்பீக்கரில் போட்டார்கள். நீ "சுகம் லாத்தா" என்றாய். நானும் "சுகம்" என்றேன். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்ல? யஹ்யாவுக்குக் கடும் காய்ச்சல், அவனை விட்டுவிட்டு என்னால் கிளம்ப முடியவில்லை. மச்சான் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு வருகிறார். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்து, இன்று ஒருவழியாக முடித்தேன். படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடு.

யஹ்யாவுக்கு ஆபரேஷன் செய்த அன்று எனக்கு ஒன்பது வயது. உன்னைச் சாச்சி வீட்டில் விட்டுவிட்டு என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள் உம்மா. பதினோரு மாதக் குழந்தை, இரவில் இருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. உம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு கக்கூஸுக்குள் போனாள். என்னை வாசலில் நிறுத்தி, "யாராச்சும் வந்தா இருமு" என்றாள்.

யாரும் வரவில்லை. நான் இருமவில்லை.

வெளியே வந்தபோது அவன் தூங்கிப்போயிருந்தான். நர்ஸ், "எதுவும் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டாள். உம்மா, "அல்லாமேல ஆணையா இல்லம்மா" என்றாள். அப்போதும் நான் இருமவில்லை. மயங்கிய பிறகு வயிற்றில் இருந்த பால் மேலே வந்து மூச்சுக்குழலில் போய்விட்டது. மூச்சு நின்றுபோய்த் திரும்ப வந்தது. டாக்டர் வாப்பாவிடம் சொன்னது நான் கேட்டுக்கொண்டு நிற்கும்போதுதான். "வயித்துல பால் இருந்திருக்கு பாய். யாரும் ஏன் சொல்லல?"

வாப்பா உம்மாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. வீட்டுக்கு வந்ததும் உம்மா, மயக்க மருந்து கூடிப்போச்சு என்று ஆரம்பித்தாள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளே நம்பிவிட்டாள். "முஃபீதாகிட்டயும் சொல்லாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். மௌத்தான உம்மாவின் பேரைக் கெடுக்கக்கூடாது என்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது உன் பிள்ளைக்காக உடைக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

அந்த மருந்து பிள்ளைகள் மூளையை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. அது எனக்குத் தெரியாது. யஹ்யாவை இப்படி ஆக்கியது எது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

முஃபீதா, நீ கொடுத்திருந்தால் சொல்லிவிடு. நான் அன்று இருமவில்லை. இது என் இருமல் என்று வைத்துக்கொள்.

அலிமா


மேலப்பாளையம்
1.3.2025

என் உயிர் லாத்தாவுக்கு ஆயிரம் ஸலாம். யஹ்யாவுக்குக் காய்ச்சல் விட்டதா? முதலில் அதை எழுது.

மச்சான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அர்வாவை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். நான் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தேன். அன்று விடியற்காலையில் நானும் கக்கூஸுக்குள்தான் போனேன் லாத்தா. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, பாதிப் பேரீச்சம்பழம். இரண்டு நாள் முன்னால் உன் முந்தைய கடுதாசியை மறுபடி படித்து, இந்தத் தடவை கூடாது என்றுதான் போனேன். அவள் பசியில் என் விரலைப் பிடித்துச் சப்பினாள். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நர்ஸ் கேட்டபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமி பக்கத்தில் நின்றார்கள். சொன்னால் பேரை வெட்டிவிடுவார்கள், இவளுக்குக் காலத்துக்கும் காது இல்லை. சொல்லாவிட்டால் அந்த மருந்து. இரண்டுக்கும் நடுவில் என் வாயில் இருந்து, "இல்ல" என்று வந்துவிட்டது.

மச்சான் கொடுத்த கடுதாசியில் "இருமு" என்ற இடத்துக்கு வந்தபோது எழுந்துவிட்டேன். மீதியை ஓடிக்கொண்டே படித்தேனா, படிக்காமல் ஓடினேனா, தெரியாது. தியேட்டர் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். "நான் குடுத்தேன்! பேரீச்சம்பழம் குடுத்தேன்! மருந்து வைக்காதீங்க!" வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாழ்நாளெல்லாம் ஸ்பீக்கருக்குப் பயந்தவள், அன்று நானே ஸ்பீக்கர் ஆகிவிட்டேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "இன்னும் வைக்கல" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். தூக்கி நிறுத்திவிட்டு ஏசினார் பார், அப்படி ஒரு ஏச்சு. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த மருந்து மூளைக்கு என்ன செய்யும்னு முழுசாத் தெரியாதுன்னு சொன்னேன். ஆனா வயித்துல சாப்பாட்டோட மயங்கினா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்மா. தெரியாததுக்குப் பயந்து தெரிஞ்சதுல கொண்டு விடப் பார்த்தீங்களே" என்றார்.

பேரை வெட்டவில்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதிக்கு அவரே பேசி வாங்கித் தந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மாமி சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தார்கள். "எனக்கும் பயம்தாம்ட்டி. அன்னைக்கு ஜம்ஜம் தண்ணிய விவரம் தெரியாமலா குடுத்தேன்னு நினைச்ச? அம்புட்டு மடச்சியா நான்?" என்றார்கள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அர்வா நடுவில் புகுந்து இரண்டு பேர் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரலில் நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். யஹ்யாவையும் கூட்டி வா. உம்மாவைப் பற்றி நீ எழுதியது அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது. கடுதாசியைக் கிழித்துவிட்டேன்.

முஃபீதா


மேலப்பாளையம்
18.5.2025

அன்பு லாத்தாவுக்கு, ஸலாம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. மச்சான் முட்டுக்கு மாமி எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார்கள், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

எல்லாவற்றையும் நீ கூட இருந்து பார்த்தாய். ஆனாலும் எழுதினால்தான் எனக்கு நடந்தது போல இருக்கிறது. ஏப்ரலில் அவள் உள்ளே இருந்த அந்த நேரம் முழுக்க நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் வெறும் வயிறு, நானும் வெறும் வயிறு. "நீ எதுக்குட்டி பட்டினி, உனக்கா ஆபரேஷன்?" என்று நீ ஏசினாய். மறுநாள் அவள் கண் விழித்து என் கன்னத்தைத் தொட்ட பிறகுதான் இட்லி இறங்கியது.

காயம் ஆறியபின் போன வாரம் கருவியை ஓடவிட்டபோது, முதல் சத்தம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசையாக, "அர்வா" என்று கூப்பிட்டேன். அவள் அலறினாளே, அப்படி அலறி நான் பார்த்ததில்லை. என் குரலைக் கேட்டுப் பயந்து என் மடியிலேயே ஒளிந்துகொண்டாள். அப்போதுதான் மாமி, "பிறந்தன்னைக்குச் சொன்ன பாங்கு சேரலையே, இப்பச் சொல்லணும்" என்றார்கள். அர்வா வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, மச்சான் டோக்கன் வாங்கப் போயிருந்தார், அறையில் இருந்த ஒரே ஆம்பிளை யஹ்யாதான். நான் ஒரு நொடி தயங்கினேன். நீ பார்த்திருப்பாய். அல்லாஹ் அதற்கு என்னை மன்னிக்கட்டும்.

அவன் தரையில் மண்டியிட்டு, "எந்தக் காதுன்னு சொல்லு" என்றான். வலது என்றேன். மீனுக்குப் பொரி போடுகிற மாதிரி பைய, ஒவ்வொரு சொல்லாகப் போட்டான். ஒன்றும் தப்பவில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. மருந்து என்ன செய்தது, செய்யவில்லை என்பது அவள் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கும்போதுதான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. அவள் கையில் இருந்து கரண்டி நழுவினால் எனக்குப் பக்கென்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் காதா, புத்தியா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இப்படியே பயந்துகொண்டுதான் இவளை வளர்க்கப் போகிறேன்.

அக்டோபரில் எழுதிய அந்த வரியை மட்டும் அடித்துவிடு லாத்தா. அவனுக்குத் தெரிந்தது அதோடு போகட்டும், உம்மா விஷயம் வேண்டாம்.

முஃபீதா


விகிரமசிங்கபுரம்

முஃபீதா லாத்தாவுக்கு யஹ்யா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மச்சான் சுகம். மீன் சுகம். ஆத்துல தண்ணி கொறஞ்சிட்டு.

இது அலிமா லாத்தாவுக்குத் தெரியாது. ஸ்டாம்பு நானே வாங்கி ஒட்டினேன். பெட்டில விழுந்த சத்தம் கேட்டுட்டுதான் வருவேன்.

அர்வா இப்ப அழுதாளா. என் சத்தம் கேட்டுச்சா அவளுக்கு.

எனக்குக் காய்ச்சல் வந்தப்ப லாத்தா ஒனக்கு எழுதின கடுதாசி அரிசி டின் மேல இருந்துச்சு. படுத்துக்கிட்டே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். கஷ்டமா இருந்துச்சு. கூட்டெழுத்து. ஆனா முழுசும் படிச்சேன்.

அலிமா லாத்தா ராத்திரி அழுவா. எதுக்குன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு நான் தெரியாத மாதிரி இருக்கேன். நீயும் சொல்லாத.

உம்மாவ ஏசாதீங்க. எனக்குப் பசிச்சிருக்கும்.

யஹ்யா